சந்தான்னாவின் மலைப்பாதைகள்: நினைவிடத்துக்கு வழிவிடுவது யார்?

இத்தாலியின் மலைக் கிராமங்கள் பல தசாப்தங்களாக ஆளொழிந்து வருகின்றன. இளையவர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். முதலில் பள்ளிக்கூடம் மூடப்படுகிறது, பிறகு கடை, பிறகு பஸ் சேவை. கடைசியில் ஒரு தேவாலயமும் சில முதியவர்களும் மிஞ்சுகிறார்கள். இந்தச் சரிவைத் தடுப்பதற்காக, கொரோனாவுக்குப் பிந்தைய ஐரோப்பிய மீட்பு நிதியிலிருந்து 100 கோடி யூரோவைச் சிற்றூர்களின் புத்துயிர்ப்புக்கென இத்தாலிய அரசாங்கம் ஒதுக்கியது. அதில் 21 ஊர்களுக்குத் தலா 2 கோடி யூரோ வரை கொடுக்கவும் முடிவு செய்யப்பட்டது. இப்படியான ஊர்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சில வருமானங்களில் ஒன்று, மலைப்பாதைகளில் நடக்க வருபவர்கள்.

நடக்க வருபவர்கள் என்றால் யாத்திரிகர்கள் அல்ல. முதுகில் ஒரு பையும் கையில் ஒரு தடியுமாக, காட்டு வழியே நாள் முழுவதும் நடப்பதை ஓய்வாகக் கருதும் மக்கள். இத்தாலியில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1863 இல் தூரின் நகரில் தொடங்கப்பட்ட இத்தாலிய மலையேறுவோர் கழகத்தின் தொண்டர்கள் நாடு முழுவதும் ஒற்றையடிப் பாதைகளைப் பராமரிக்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் சிவப்பு, வெள்ளை நிறத்தில் சிறு பட்டைகள் பூசப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் இலக்கம் உண்டு. சந்திகளில் ஊரின் பெயரும் நடக்க எடுக்கும் நேரமும் எழுதிய பலகை இருக்கும். பாதையின் கடினத்தை ஓரிரு எழுத்துகளால் குறித்திருப்பார்கள். முன்பின் அறியாத ஒருவரும் அந்த அடையாளங்களை நம்பி மலையைக் கடந்துவிடலாம்.

அப்படியான பாதைகள் சூழ்ந்த ஒரு மலைக் கிராமத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அழகான இடம் என்பதற்காக மட்டுமல்ல. பாதைகளைத் திறந்து வைப்பதும், பலகையில் பெயர் எழுதுவதும், வருடாவருடம் புதர் வெட்டுவதும் நீதியின் ஒரு பகுதி என்பதை அந்த ஊரளவுக்கு எனக்கு விளக்கிய இடம் வேறொன்றுமில்லை.

ஊரின் பெயர் சந்தான்னா டி ஸ்தாட்செமா. புனித அன்னம்மாளின் பெயர் கொண்ட ஊர். வடக்கு டஸ்கனியில், அப்புவான் அல்ப்ஸ் மலைத்தொடரின் கடல்பக்கச் சரிவில், ஏறக்குறைய 660 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் இந்த மலைகளின் உச்சிப்பகுதிகள் வெண்மையாகத் தெரியும். அது பனியல்ல, பளிங்கு. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைக்கான கல் இதே தொடரின் கராராவில் வெட்டியது. சந்தான்னா சேர்ந்திருக்கும் ஸ்தாட்செமா பிரதேசத்தில் மலைநடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த இடங்கள் உண்டு. 1,858 மீற்றர் உயரமான பானியா டெல்லா குரோச்சே ஒன்று. பாறையில் இயற்கையாகவே பெரிய வளைவுத் துளை விழுந்த மொன்தே ஃபொராத்தோ இன்னொன்று. சந்தான்னாவுக்கு நேர் மேலே 1,108 மீற்றர் உயரத்தில் மொன்தே கப்பேரி நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து வெர்சிலியாக் கடற்கரை முழுவதையும் பார்க்கலாம்.

அந்தக் கடற்கரை கோடையில் உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழியும். மலைமேலிருக்கும் ஊரோ கஸ்தானியா மரங்களை நம்பி வாழ்ந்தது. அந்த மரத்தின் கொட்டையைக் காட்டுக்குள் இருக்கும் சிறு கற்குடில்களில் புகையில் உலர்த்தி, மாவாக்கி, அதையே குளிர்காலம் முழுவதும் சாப்பிட்டார்கள். கோதுமை அரிது. கொஞ்சம் ஆடு மாடு, பக்கத்து மலையில் இரும்புச் சுரங்க வேலை. ஊர் என்று சொன்னாலும் வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. தேவாலயத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்புகள்: வக்கரெச்சா, ஃபிராங்கி, பேரோ, கொலெத்தி, சென்னாரி. இவற்றை இணைத்தவை கல் பாவிய கோவேறு கழுதைப் பாதைகள்தான். 1944 இல் ஊருக்கு வாகன வீதி கிடையாது.

வீதி இல்லாததால்தான் மக்கள் அங்கே போனார்கள்.

'வெள்ளை வலயம்'

1944 கோடையில் நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து முன்னேறின. ஜேர்மன் படை இத்தாலியைக் குறுக்கே வெட்டும் பாதுகாப்பு அரண் ஒன்றை மலைகளில் அமைத்துக்கொண்டிருந்தது. 'கொத்திக் கோடு' என்று அழைக்கப்பட்ட அந்த அரணின் மேற்கு முனை இந்தப் பகுதிக்கு அருகிலேயே இருந்தது. கரையோர ஊர்களிலிருந்து மக்கள் மேலே ஏறினார்கள். குண்டுவீச்சுக்குத் தப்பியவர்கள், வெளியேற்ற உத்தரவுக்கு அஞ்சியவர்கள், பக்கத்து ஃபார்னொக்கியா கிராமம் எரிக்கப்பட்டதால் வீடிழந்தவர்கள். ஏறக்குறைய 400 பேர் வாழ்ந்த சந்தான்னாவில் நூற்றுக்கணக்கான அகதிகள் தொழுவங்களிலும் களஞ்சியங்களிலும் தங்கினார்கள். ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஜேர்மன் கட்டளைப் பீடம் அந்த ஊரை 'வெள்ளை வலயம்' என்று வகைப்படுத்தியிருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தங்குவதற்கு ஏற்ற இடம் என்பது அதன் பொருள்.

இந்த இடத்தில் எங்கள் வாசகர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் வன்னியில் அறிவிக்கப்பட்ட 'யுத்த சூனிய வலயம்' என்ற சொல்லைக் கேட்டு, அதை நம்பி, பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இதை வாசிக்கிறார்கள்.

1944 ஓகஸ்ட் 12 விடிகாலை, 16ஆவது எஸ்.எஸ். கவசப் பிரிவின் துருப்புகள் சந்தான்னாவை நோக்கி ஏறின. மூன்று அணிகள் மூன்று வெவ்வேறு பாதைகளால் மேலே வந்தன. நான்காவது அணி கீழே வால்டிகஸ்தெல்லோவுக்கு மேல் நின்று தப்பியோடும் வழியை அடைத்தது. உள்ளூர்ப் பாசிசவாதிகள் வழிகாட்டிகளாக வந்தார்கள். முகம் மறைத்திருந்த சிலர் அந்த வட்டாரப் பேச்சுவழக்கில் பேசியதைக் கேட்டதாக உயிர்தப்பியோர் பின்னர் சாட்சியம் சொன்னார்கள். சுற்றிவளைப்பையும் தலையாட்டியையும் கண்டவர்களுக்கு அந்தச் சாட்சியத்தின் பொருள் உடனே புரியும்.

ஆண்களைப் பிடித்துப்போக வருகிறார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. ஆகவே ஆண்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் வீட்டிலேயே இருந்தார்கள். மூன்று மணித்தியாலங்களுக்குச் சற்று அதிகமான நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வக்கரெச்சாவில் மக்களைத் தொழுவங்களுக்குள் அடைத்துக் கொன்றார்கள். தேவாலய முற்றத்தில் 100க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டு, தேவாலயத்தின் வாங்குகளை எடுத்துவந்து உடல்கள்மீது போட்டு எரித்தார்கள். மக்களைக் காப்பாற்ற மன்றாடிய அருட்தந்தை இன்னொசென்சோ லட்சேரியும் அங்கே கொல்லப்பட்டார். இறந்தவர்களில் ஆகக் குறைந்த வயதுடையது பிறந்து 20 நாட்களேயான பெண் குழந்தை. உத்தியோகபூர்வமாகச் சொல்லப்படும் மொத்த எண்ணிக்கை 560. அகதிகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற பதிவு இல்லாததால் ஆய்வாளர்களிடையே அந்த எண்ணிக்கை பற்றிய விவாதம் இன்னும் இருக்கிறது. கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய 130 பேர் சிறுவர்கள்.

சென்னாரியில் மட்டும் ஒரு விலக்கு நடந்தது. ஒரு சிறு குழுவைக் கொல்லும்படி விடப்பட்டிருந்த இளம் சிப்பாய் ஒருவன், சத்தம் போடாமல் போய்விடும்படி சைகை காட்டிவிட்டு வானத்தை நோக்கிச் சுட்டான். அந்தக் குழுவில் இருந்த சிறுவன் என்னியோ மன்சினி வளர்ந்து, பின்னாளில் ஊரின் நினைவுக் காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். அந்தச் சிப்பாயின் கதையையும் அவர் மறைக்காமல் சொல்லிவந்தார்.

கொலையாளி ஏறிய வழியும் நடப்பவர் ஏறும் வழியும்

இத்தாலியில் வாழும் எனது அக்கா குடும்பத்துடன் ஒருமுறை வால்டிகஸ்தெல்லோவிலிருந்து அந்த மலைப்பாதையில் ஏறினேன். கஸ்தானியா நிழலில் பழைய கல்படிகள், இடையிடையே சிவப்பு வெள்ளைப் பட்டை. எங்களுக்கு முன்னால் போன குடும்பம் ஒன்று கடலைப் பார்க்கும் வளைவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேலே குடியிருப்புகளை அடைந்ததும், ஒவ்வொரு இடத்திலும் சுவரில் கல்பலகைகள் வந்தன. பெயர், வயது. ஒரே குடும்பப் பெயர் ஐந்தாறு தடவை.

அங்கேயே பிறந்து வளர்ந்த என் மருமகன் கேட்டான்: "மாமா, இது நடக்கிற பாதைதானே? பிறகேன் வழியெல்லாம் செத்தவையின்ர பேர் எழுதியிருக்கு?"

அந்தக் கேள்விதான் இந்தப் பாதைகளின் பயன். அவன் நினைவேந்தலுக்கு வரவில்லை. மலையில் நடக்க வந்தான். ஆனால் பெயர்களைத் தாண்டாமல் அவனால் உச்சிக்குப் போக முடியவில்லை. நினைவிடம் என்பது ஒரு மூடிய வளாகமாக இருந்தால், ஏற்கனவே துக்கப்படுகிறவர்கள் மட்டுமே அங்கே போவார்கள். பாதையோடு அது சேர்ந்திருக்கும்போது, காற்று வாங்க வந்தவரும் சாட்சியாகிவிடுகிறார். தேவாலயத்திலிருந்து கொல் டி காவா குன்றுக்கு ஏறும் வழியில் சிலுவைப்பாதைத் தலங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. குன்றின் உச்சியில் 1948 இல் கட்டிய கல் தூபியின் கீழே இறந்தவர்களின் எச்சங்கள் இருக்கின்றன. அங்கே நின்று திரும்பினால் கடல், கடற்கரை விடுதிகள், குடைகள்.

இந்தப் பாதைகள் இயல்பாக மிஞ்சவில்லை. ஆள் நடக்காத மலைப்பாதையைக் காடு சில வருடங்களில் விழுங்கிவிடும். படுகொலைக்குப் பிறகு ஊர் மீளவே இல்லை. பிழைத்தவர்கள் பலர் வேலை தேடிப் போய்விட்டார்கள். குடும்பத்தை இழந்தபோது பத்து வயதாயிருந்த என்றிக்கோ பியேரி பல வருடங்கள் சுவிட்சர்லாந்தில் உழைத்துவிட்டுத் திரும்பிவந்து, பாதிக்கப்பட்டோர் சங்கத்தைத் தலைமை தாங்கி, 2021 இல் காலமானார். இன்று அங்கே நிரந்தரமாக வாழ்பவர்கள் மிகச் சிலரே. 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, ஊரையும் சுற்றியுள்ள மலைச்சரிவையும் 'தேசிய சமாதானப் பூங்கா'வாகப் பிரகடனப்படுத்தியது. அதன்பிறகு பாதைகளைப் பராமரிப்பதும் பலகைகளை வைப்பதும் யாரோ ஒருவரின் நல்லெண்ணத்தில் தங்கியிராமல், பொது நிறுவனமொன்றின் கடமையானது. கொலை நடந்து அதற்கு 56 வருடங்கள் எடுத்தன.

இதே வகையில் இன்னொரு இடமும் உண்டு. எங்கள் ஆட்கள் வாழும் பொலோஞ்ஞா நகருக்குத் தெற்கே மொன்தே சோலே என்ற மலை. 1944 செப்டெம்பர் 29 முதல் ஒக்டோபர் 5 வரை அதே எஸ்.எஸ். பிரிவு அங்கே ஏறக்குறைய 770 பேரைக் கொன்றது. சந்தான்னாவிலாவது ஒரு சிலர் வாழ்கிறார்கள். மொன்தே சோலேயின் குடியிருப்புகள் மீளக் கட்டப்படவே இல்லை. கசாலியா, சான் மார்த்தினோ, கப்ராரா என்ற ஊர்கள் அத்திவாரங்களாகவும் இடிந்த சுவர்களாகவும் இருக்கின்றன. 1989 இல் அந்த மலை வரலாற்றுப் பூங்காவாக்கப்பட்டது. இடிபாடுகளுக்கூடாகச் செல்லும் நினைவுப்பாதை ஒன்று உண்டு. ஊரில்லாத இடத்தில் பாதைதான் ஊரின் பெயரைத் தாங்குகிறது.

சுவரைப் பார்த்துத் திருப்பப்பட்ட அலுமாரி

இத்தனையும் இருப்பதால் இத்தாலியில் நீதி கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. நடந்தது நேர்மாறு.

போர் முடிந்ததும் சாட்சியங்கள் திரட்டப்பட்டன. நேச நாட்டு விசாரணையாளர்களும் கோப்புகளைத் தயாரித்தார்கள். ஆனால் மேற்கு ஜேர்மனி சோவியத்துக்கு எதிரான அணியில் தேவைப்பட்டது. அதன் இராணுவம் மீளக் கட்டப்பட்டு நேட்டோவில் சேர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் ஜேர்மன் அதிகாரிகளை நீதிமன்றத்தில் நிறுத்த ரோம் விரும்பவில்லை. 1960 ஜனவரி 14 அன்று இராணுவ வழக்குத் தொடுநர் அலுவலகம் அந்தக் கோப்புகளை 'தற்காலிகமாக' மூடியது. தற்காலிகம் 34 வருடங்கள் நீடித்தது. 1994 இல் வேறொரு நாசிக் குற்றவாளியின் வழக்குக்காக ஆவணங்களைத் தேடியபோது, ரோமிலுள்ள செசி மாளிகையில், கதவுகள் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கப்பட்ட ஓர் அலுமாரிக்குள் 695 கோப்புகள் கிடைத்தன. சந்தான்னாவின் கோப்பும் அதில் இருந்தது. இத்தாலியர்கள் அதை 'அவமானத்தின் அலுமாரி' என்று அழைக்கிறார்கள்.

அதன்பிறகே வழக்கு நகர்ந்தது. 2005 ஜூனில் லா ஸ்பெட்சியா இராணுவ நீதிமன்றம் பத்து முன்னாள் எஸ்.எஸ். உறுப்பினர்களுக்கு, அவர்கள் இல்லாத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. 2007 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. தனது குடிமக்களை ஜேர்மனி ஒப்படைக்கவில்லை. 2012 இல் ஸ்டுட்கார்ட் வழக்குத் தொடுநர்கள், தனித்தனி நபர்களின் பங்கை நிரூபிக்க முடியாது என்று சொல்லித் தமது விசாரணையை மூடினார்கள். பியேரி அதை எதிர்த்துப் போராடினார். 2014 இல் கார்ல்ஸ்றூவ நீதிமன்றம் ஒரு சந்தேக நபர் தொடர்பில் அவருடைய பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே, அந்த நபர் முதுமை மறதி நோயால் விசாரணைக்கு உகந்தவரல்ல என்று முடிவாகியது. அத்துடன் கதவு மூடிக்கொண்டது.

ஆனால் லா ஸ்பெட்சியா தீர்ப்பு ஒன்றைச் செய்தது. இது கெரில்லாக்களின் தாக்குதலுக்கான பதிலடி அல்ல, முன்கூட்டியே திட்டமிட்டுப் பொதுமக்களை அச்சுறுத்துவதற்காகச் செய்த கொலை என்று அது நிறுவியது. இது சிறு விடயமல்ல. ஏனென்றால் ஊருக்குள்ளேயே அரை நூற்றாண்டாக ஒரு பிளவு இருந்தது. வெளியேறச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று விடுதலைப் போராளிகள் துண்டுப்பிரசுரம் விட்டார்கள், பிறகு எங்களைக் காக்காமல் போய்விட்டார்கள் என்று பிழைத்தவர்களில் சிலர் கோபம் கொண்டிருந்தார்கள். இத்தாலிய வரலாற்றாசிரியர்கள் இதனைப் 'பிளவுண்ட நினைவு' என்று எழுதினார்கள். 2008 இல் ஸ்பைக் லீ எடுத்த திரைப்படமொன்று, போராளி ஒருவனின் துரோகமே படுகொலைக்கு வழிவகுத்தது என்பதுபோலக் காட்டியதும் முன்னாள் போராளிகளின் சங்கம் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது.

நான் இதில் கவனிப்பது ஒன்றை. கொலை செய்தவர் யார் என்பது நீதிமன்றத்தில் தெளிவாகச் சொல்லப்படாத காலம் வரை, பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்டனை நிறைவேறாவிட்டாலும் தீர்ப்பு அந்தச் சுமையைக் குறைத்தது. போராளிகள்மீதான கேள்விகளைக் கேட்பதற்கும் அதுவே பாதுகாப்பான இடத்தைத் தந்தது. அந்தக் கேள்விகளை எழுப்புவது கொலையாளிக்குச் சாட்சி சொல்வதாக இனி ஆகாது.

இழப்பீடு: யாருடைய பணம்?

விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதற்கு இழப்பீட்டு வழக்குகளே சான்று. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஜேர்மனிக்கு எதிராக இத்தாலிய நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தன. ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று ஜேர்மனி சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 பெப்ரவரியில் தீர்ப்பு ஜேர்மனிக்குச் சாதகமாக வந்தது. இரண்டு வருடங்களில் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் திருப்பிச் சொன்னது: மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றக் கதவை அடைப்பது எமது அரசியலமைப்புக்கு முரணானது. வழக்குகள் மீண்டும் பெருகின. 2022 ஏப்ரலில் ஜேர்மனி இரண்டாவது தடவையாக ஹேக் சென்றது. மறுநாளே இத்தாலிய அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டத்தின் மூலம் தனது திறைசேரியிலிருந்து இழப்பீட்டு நிதியம் ஒன்றை உருவாக்கியது. தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை ஏறக்குறைய 5.5 கோடி யூரோ.

குடும்பங்களுக்குப் பணம் வரலாம். ஆனால் கொடுப்பவர் குற்றம் செய்த நாடல்ல. பாதிக்கப்பட்டவரின் சொந்த நாட்டு வரிப்பணம் அது. இரண்டு நட்பு அரசுகளின் உறவு சிக்கலின்றிப் போவதற்காகக் கணக்கு இவ்வாறு தீர்க்கப்படுகிறது. 1960 இல் கோப்புகளை மூடிய அதே தர்க்கம், இம்முறை காசோலையுடன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013 இல் ஜேர்மனிய ஜனாதிபதி யோவாகிம் கவுக், இத்தாலிய ஜனாதிபதியுடன் சந்தான்னாவுக்கு வந்தார். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதி ஸ்டைன்மையர் மொன்தே சோலே மக்களின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். எரிந்துபோன தேவாலய ஓகனுக்குப் பதிலாக 2007 இல் புதியதொன்று வைக்கப்பட்டது ஜேர்மனிய இசைக்கலைஞர்களின் முயற்சியால். கோடையில் ஜேர்மனிய, இத்தாலிய இளைஞர்கள் அங்கே முகாமிட்டு, அதே பாதைகளில் சேர்ந்து நடக்கிறார்கள். இவை நீதிக்கு மாற்றீடு அல்ல. ஆனால் குற்றம் செய்த நாட்டின் தலைவர் அந்த இடத்துக்கு வந்து, நடந்ததை அதன் பெயரால் அழைத்த பிறகு, அதை மறுப்பது கடினமாகிவிடுகிறது.

எங்கள் வழி

சந்தான்னாவை எங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே கொன்றவன் அந்நியப் படை. அவன் தோற்றான். அவனால் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர்வது புதிய இத்தாலியக் குடியரசின் பெருமையாகியது. எங்கள் விடயத்தில் குற்றஞ்சாட்டப்படும் தரப்பு வென்றது. அதே அரசின் கீழ்தான் நாங்கள் வாழ்கிறோம். தோற்ற எதிரியின் குற்றத்தையே 34 வருடங்கள் அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள் என்றால், வென்றவர்களின் குற்றத்தைப் பற்றிய கோப்புகளுக்கு என்ன நடக்கும் என்று நாங்கள் கேட்கத்தான் வேண்டும்.

போர் முடிந்த பின்னர் வன்னியிலும் பாதைகள் திறக்கப்பட்டன. யாருக்கு என்பதே கேள்வி. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் அறையைப் பார்த்தார்கள், கரையொதுங்கிய கப்பலைப் பார்த்தார்கள், வெற்றிச் சின்னத்தின் முன் படம் எடுத்தார்கள். நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் விடுதி நடத்தியது. அதே காலத்தில் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. மே 18 அன்று விளக்கேற்றப் போன தாய்மார் வழிமறிக்கப்பட்டார்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் தூபிகூட இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகே அது மீளக் கட்டப்பட்டது. உல்லாசப் பயணிக்குத் திறந்த வழி, துக்கப்படுகிறவருக்கு மூடப்பட்டிருந்தது. சந்தான்னாவில் இருவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். வேறுபாடு அதுதான்.

ஆகவே அந்த மலையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை, அரசு தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள்.

முதலாவது, பெயர்கள். சந்தான்னாவில் பலகைகள் வைக்கப்பட்டது பிழைத்தவர்களும் உறவினர்களும் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு தொழுவமாக யார் எங்கே இறந்தார்கள் என்று சொன்னதால்தான். அப்படியிருந்தும் அகதிகளின் பதிவு இல்லாததால் எண்ணிக்கை இன்றும் விவாதத்துக்குரியது. வன்னியிலும் இறந்தவர்களில் பெரும்பான்மையானோர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். இறந்த இடம் அவர்களுடைய சொந்த ஊரல்ல. மன்னாரில் பிறந்தவர் மாத்தளனில் இறந்திருப்பார். ஊர் வாரியாகப் பட்டியல் எடுத்தால் மட்டும் போதாது, இறந்த இடத்தின் வாரியாகவும் எடுக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. சந்தான்னாவில் சந்தேக நபரின் மறதி நோய் வழக்கை முடித்தது. சாட்சிகளின் மறதியும் அதேபோல வழக்கை முடிக்கும்.

இரண்டாவது, வழி. மடுப் பக்கமிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் புறப்பட்டு, பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியாகத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று மாதக்கணக்கில் மக்கள் நடந்தார்கள். எத்தனையாம் திகதி எங்கே தங்கினோம், எந்த ஆஸ்பத்திரி எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறியது, எந்த ஒழுங்கையில் யாரைப் புதைத்தோம் என்பது இன்னும் பலருடைய தலைக்குள் இருக்கிறது. அதை ஒரு வரைபடமாக்க முடியும். ஊருக்கு ஊர், சந்திக்குச் சந்தி. பலகை நட இன்று அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பலகையில் எழுத வேண்டியதை இன்றே எழுதி வைக்கலாம். மொன்தே சோலேயில் ஊர்களே இல்லை. ஆனால் எந்த அத்திவாரம் யாருடைய வீடு என்று தெரிந்தவர்கள் இருந்தபடியால்தான் இடிபாடுகளுக்கூடாக ஒரு நினைவுப்பாதை அமைக்க முடிந்தது.

மூன்றாவது, பிரதிகள். ஒரு மாளிகையின் ஓர் அலுமாரிக்குள் எல்லாக் கோப்புகளும் இருந்ததால்தான் ஒரே ஒரு அதிகாரியின் கையெழுத்தால் அவற்றை மூட முடிந்தது. ஜெனீவாவில் 2021 தீர்மானத்தின் கீழ் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சேகரித்து வைத்திருக்கும் சான்றுகள் முக்கியமானவை. ஆனால் அதுவும் ஓர் அலுமாரிதான். உலக அரசியலின் காற்று மாறினால் அதன் கதவும் சுவர்ப்பக்கம் திரும்பலாம். ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு கிராம அமைப்பும், புலம்பெயர் சங்கமும் தன்னிடமுள்ள கடிதம், படம், மரணப் பதிவு, முகாம் அட்டை என்பவற்றின் பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருப்பது அவசியம்.

நான்காவது, எங்கள் பக்கத்துக் கேள்விகள். அந்த ஊரார் தங்கள் போராளிகள்மீதான கோபத்தையும் மறைக்கவில்லை, வானத்தை நோக்கிச் சுட்ட எதிரிச் சிப்பாயையும் மறைக்கவில்லை. இரண்டையும் சொன்னதால் அவர்களுடைய சாட்சியம் பலவீனப்படவில்லை. மறுபக்கத்து இளைஞர்கள் வந்து கேட்கும் அளவுக்கு அது நம்பகமாகியது. கடைசி மாதங்களில் வெளியேற முயன்றவர்களுக்கு நடந்தது, பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டது பற்றி எங்கள் தாய்மார் மெதுவான குரலில் சொல்பவையும் அந்த வழியின் பலகைகளில் இடம்பெற வேண்டியவை.

நினைவுகூரும் உரிமை என்று நாங்கள் பேசும்போது பெரும்பாலும் ஒரு நாளையும் ஒரு தூபியையுமே நினைக்கிறோம். தூபியை ஓர் இரவில் இடித்துவிடலாம். ஒரு நாளைத் தடை உத்தரவால் மறித்துவிடலாம். ஊருக்கு ஊர் நீளும் ஒரு வழியை, அதன் ஒவ்வொரு சந்தியையும் அறிந்த மக்கள் இருக்கும்வரை, அவ்வளவு எளிதாக அழிக்க முடியாது. அதற்கு வருடாவருடம் யாராவது நடக்க வேண்டும், புதரை வெட்ட வேண்டும், அடையாளத்தைத் திரும்பப் பூச வேண்டும், தெரியாமல் வரும் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சந்தான்னாவின் மக்கள் சட்டம் வருவதற்கு 56 வருடங்களுக்கு முன்னரே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.